பிளக்ஸ் அண்ணன் அடித்த கறுப்பு வெள்ளைப் படம்

ஓவியச் சந்தையில் பார்த்த நல்ல விஷயங்களை வைத்துக்கொண்டு ஊரில் இத்தனை சண்டை மூட்ட முடியும் என்று நிரூபித்தவர் பிளக்ஸ் அண்ணன். ஆரப்பாளையத்தில் பிளக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அவரை அண்ணே என்பேன், அவரும் என்னை அண்ணே என்பார். இருவரில் யார் மூத்தவர் என்ற ஆராய்ச்சிக்குள் நாங்கள் போனதில்லை.

மதுரையில் எங்கே சந்தை போட்டாலும் சட்டையை இன் பண்ணிக்கொண்டு வந்துவிடுவார். ஒவ்வொரு ஓவியர் முன்னாலும் நின்று, "எப்படிண்ணே இப்படியெல்லாம் தோணுது?" என்று வாயைப் பிளப்பார். அதோடு விட்டால் பரவாயில்லை. மறுநாளே தொழிலில் இறக்கிவிடுவார்.

ஒரு முறை நவீன ஓவியங்களைப் பார்த்துச் சொக்கிப்போனார். அந்த வாரம் வந்த காதுகுத்து பேனரில் தாய்மாமன் முகத்தைத் துண்டு துண்டாக்கி, ஒரு கண்ணைக் காதுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். தாய்மாமன் வேன் நிறைய ஆட்களோடு வந்து இறங்கினார்.

"எங்கடா என் மூக்கு?"

"மூக்க மனசால பாக்கணும் மாமா."

மனசால் பார்க்கிற நிலையில் மாமா இல்லை. புது பேனர் அடித்துக் கொடுத்த பிறகுதான் வேன் கிளம்பியது.

இன்னொரு முறை யாரோ வெற்றிடம்தான் அழகு என்று சொல்லிவிட்டார்கள். கல்யாண பேனரை வெள்ளையாக விட்டு, மூலையில் கட்டைவிரல் அளவுக்குப் பொண்ணு மாப்பிள்ளையை வைத்தார். கீழே வரிசையாகச் சிரிக்க வேண்டிய சித்தப்பாமார் யாரையும் காணோம். அன்றைக்கு ஒரு சித்தப்பாவும் பந்தியில் உட்காரவில்லை.

நானும் அந்தச் சந்தைகளில் கடை போடுகிறவன்தான். வாட்டர் கலரில் எருமை, கண்மாய், கண்மாய்க்குள் எருமை. ஜனங்கள் என் கடை நிழலில் நின்று கரும்புச்சாறு குடித்துவிட்டுப் போவார்கள். படத்தின் பக்கம் திரும்ப மாட்டார்கள். வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் சந்தை போட்டபோது எனக்கு மனசே விட்டுப்போனது.

"இந்தத் தடவையும் ஒருத்தரும் நின்னு பாக்கலேன்னா பிரஷ்ஷத் தூக்கிப் பரண்ல போட்ருவேண்ணே" என்றேன் பிளக்ஸ் அண்ணனிடம். நிஜமாகவே சொன்னேன்.

அவர் முகம் சுண்டிவிட்டது. "அம்புட்டு லேசுல விட்ருவமா? நான் பாத்துக்கிறேன், நீங்க போங்கண்ணே."

மறுநாள் காலையில் சந்தை வாசலில் என் பேனர். ஆளுயரத்துக்கு என் முகம். கலரை எடுத்தால்தான் ஆளின் உள்ளம் தெரியும் என்று கரித்துண்டு ஓவியர் ஒருவர் சொன்னாராம், அதனால் கறுப்பு வெள்ளை. படம்தான் பேச வேண்டும் என்று இன்னொருவர் சொன்னாராம், அதனால் என் பெயரைத் தவிர ஓர் எழுத்து கிடையாது. அழகுக்கு இரண்டு பக்கமும் குத்துவிளக்கு வேறு. நம் ஊரில் இப்படி ஒரு பேனரைப் பார்த்தால் யாரும் விவரம் கேட்பதில்லை. செருப்பைக் கழற்றிவிடுவார்கள்.

முதலில் மச்சினன் போன் செய்தான்.

"அக்காகிட்ட குடுங்க."

"அவ வீட்ல இருக்கா. நாந்தான் பேசுறேன், சொல்லு."

"நீங்க யாரு?"

"டேய், ஒன் மச்சாண்டா!"

"வெளையாடாதீங்க சார், நாங்களே துக்கத்துல இருக்கோம்."

அடுத்து திருமங்கலத்துச் சித்தி மாலையோடு வந்து இறங்கினாள். என்னையே கட்டிப்பிடித்து, "இப்படி அநியாயமாப் போயிட்டியேப்பா" என்று அழுதாள். பாதியில்தான் சந்தேகம் வந்து நிமிர்ந்து பார்த்தாள். மதியத்துக்குள் கடை முன்னால் சனம் அம்மிவிட்டது. பஸ் ஏறி வந்தது வீணாகக் கூடாது என்று எல்லோரும் படம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சித்தி எருமைப் படத்தின் முன்னால் மூக்கைச் சிந்தியபடி நின்றாள். "ஏப்பா, இது தண்ணிக்குள்ள கெடக்குற சொகத்தப் பாத்தா எனக்கே கண்ணு சொக்குது. இம்புட்டு நல்லா வரைவியா நீ?"

பிளக்ஸ் அண்ணனைத் தேடினேன். விஷயம் தெரிந்து ஒரு வேப்பமரத்துக்குப் பின்னால் பதுங்கியிருந்தார்.

"உசுரோட இருக்க ஆள இப்படிப் பண்ணிப்புட்டேனேண்ணே" என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்: "யாராச்சும் நின்னு பாத்தாகளா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், மனிதர் அழுகையை மறந்து குழந்தை மாதிரி சிரித்தார். என் படத்தை யாராவது நின்று பார்க்க வேண்டும் என்று என்னைவிட அதிகமாக ஆசைப்பட்ட இன்னொரு ஜீவனை நான் இதுவரை பார்த்ததில்லை.