நிழலில்லா நாளுக்குப் பந்தல் போட்ட கதை

வானத்தை ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்காமல் நான்கு வருடம் வானியல் பாடம் நடத்த முடியும். நான் நடத்தியிருக்கிறேன். கரும்பலகை நடுவில் ஒரு வட்டம், அதைச் சுற்றி எட்டு வட்டம், "வரிசை மாறாம எழுதினா ரெண்டு மார்க்" என்று ஓர் எச்சரிக்கை. பிரபஞ்சம் முடிந்தது, அடுத்த பாடம் காந்தவியல். யாராவது வால்நட்சத்திரம் பற்றிக் கேட்டால் "அது போர்ஷன்ல இல்ல" என்பேன். (வால்நட்சத்திரமே வந்து வகுப்பு வாசலில் நின்றிருந்தாலும் அதே பதிலைச் சொல்லித் திருப்பி அனுப்பியிருப்பேன்.)

மயிலாப்பூரில் ஒரு பள்ளியில் அப்போது நான் தற்காலிக இயற்பியல் ஆசிரியை. ஜூனில் வேலைக்கு எடுப்பார்கள், ஏப்ரலில் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். மறுபடி ஜூனில் கூப்பிடுவார்களா என்று மே மாதம் முழுக்க எனக்குத் தூக்கம் வராது. இந்த லட்சணத்தில் ஒருநாள் பள்ளியின் தாளாளர் அம்மா என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"ஆகஸ்ட்ல நிழலில்லா நாள்னு ஒண்ணு வருதாமே? பெசன்ட் நகர்ல ஒரு ஸ்கூல்ல பண்ணி பேப்பர்ல போட்டோவே வந்துடுத்து. நீ இங்க பண்ணு. நல்லபடியா முடிஞ்சா உன்னை பர்மனென்ட் பண்ணிடறேன்."

விஷயம் எளிமையானது. சென்னையில் வருடத்துக்கு இரண்டு நாள், ஏப்ரலில் ஒன்று, ஆகஸ்டில் ஒன்று, நடுப்பகலில் சூரியன் சரியாக உச்சந்தலைக்கு மேல் வரும். நேராக நிற்கும் எதற்கும் அப்போது பக்கத்தில் நிழல் விழாது. சில நிமிடங்கள்தான். இதைக் காட்ட வேண்டியவை ஒரு டம்ளரும் கொஞ்சம் வெயிலும்.

நான் போட்ட பட்டியலில் இருந்தவை: குத்துவிளக்கு, பன்னீர்ச் செம்பு, சால்வை, மூன்று சோபா, பேனர், ஆழ்வார்பேட்டையிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற அதிகாரி. டம்ளர்கூடக் கடைசியில் ஞாபகம் வந்து சேர்த்ததுதான். அதிகாரிக்கு வெயில் ஆகாது, பந்தல் போட்டுவிடு என்றார் தாளாளர். "போட்டுடலாம் மேடம்" என்றேன். இயற்பியலில் முதுகலை, அதிலும் முதல் வகுப்பு.

அன்று சாயங்காலமே கணவர் ஸ்கூட்டரில் மந்தைவெளிக்குப் போனோம். பந்தல்காரர் பெயர் ஏழுமலை.

"இன்னா விசேசம் மிஸ்ஸு?" என்றார்.

அதுதான் சாக்கென்று நடுத்தெருவில் நின்று பத்து நிமிடம் பாடம் எடுத்தேன். பூமியின் அச்சு, அதன் சாய்வு, கடகரேகை, ஒன்றையும் விடவில்லை. மனிதர் பொறுமையாகக் கேட்டார்.

"சரி மிஸ்ஸு. நெழலு இல்லாத நாளு. அதுக்கு ஒனக்கு நெழலு வோணும். எத்தினி அடி?"

"நாற்பதுக்கு அறுபது. ஒரு பொட்டு வெயில்கூட உள்ளே வரக்கூடாது."

"வந்துச்சுன்னா என் பேர மாத்திக்கறேன்."

வீட்டுக்குத் திரும்பும் வழியெல்லாம் கணவர் ஹெல்மெட்டுக்குள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார். எதற்கென்று கேட்க எனக்கு நேரமில்லை, மனதுக்குள் வரவேற்புரை ஓடிக்கொண்டிருந்தது.

ஆகஸ்ட் என்றால் மேகம் வரும் என்ற பயம் மட்டும் இருந்தது. கபாலீஸ்வரரிடம் வேண்டிக்கொண்டேன். அவர் தன் பங்கைச் சரியாகச் செய்தார். அன்று காலையிலிருந்தே பளீரென்று வெயில், பந்தலுக்கு வெளியே.

பதினொன்றரைக்கு வரவேண்டிய அதிகாரி பதினொன்று ஐம்பத்தைந்துக்கு வந்தார். விளக்கேற்றி, கடவுள் வாழ்த்துப் பாடி முடிப்பதற்குள் மணி பன்னிரண்டு பத்து. ஒன்பதாம் வகுப்பு ஷாஹீன், ராயப்பேட்டைப் பெண், எதையும் கணக்குப் போட்டுப் பார்க்கிறவள், முதல் நாளே என்னிடம் வந்து "மிஸ், நம்ம ஊருக்குச் சரியான நேரம் பன்னெண்டு பதிமூணு" என்று சொல்லியிருந்தாள். நிகழ்ச்சி தாமதமானதற்கு அவள் கணக்கு நல்ல சாக்காயிற்று.

மேஜையில் எவர்சில்வர் டம்ளரை வைத்தேன். மைக்கைப் பிடித்தேன். "பாருங்கள்! நிழல் எங்கே?"

எல்லோரும் பார்த்தார்கள். நிழல் இல்லை.

அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார். "அற்புதம்! இதையெல்லாம் நம் முன்னோர்கள் அன்றைக்கே..." என்று தொடங்கி முன்னோர்களுக்குள் போய்விட்டார். தாளாளர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நானும் ஏதோ சூரியனை நானே இழுத்துக் கட்டினவள் மாதிரி தலைதாழ்த்திக் கைதட்டலை ஏற்றுக்கொண்டேன். சத்தியமாக நம்பினேன். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

ஷாஹீன் கையைத் தூக்கினாள்.

"மிஸ், மைக் ஸ்டாண்டுக்கும் நிழல் இல்ல. உங்களுக்கும் இல்ல. காலைல பத்து மணிக்கு நாங்க சேர் போடும்போதே எதுக்கும் இல்ல மிஸ்."

அண்ணாந்து பார்த்தேன். தலைக்கு மேலே நாற்பதுக்கு அறுபது, சிவப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட துணி, ஓர் ஓட்டைகூட இல்லாமல் இழுத்துக் கட்டியிருந்தது. ஏழுமலை வாக்குத் தவறாதவர்.

கையில் மைக் இருந்தது. "எல்லாரும் வெளியே வாங்க" என்று மூன்று வார்த்தை சொன்னால் போதும், இன்னும் நேரம் இருந்தது. தாளாளரைப் பார்த்தேன். மே மாதத்துத் தூக்கமில்லாத ராத்திரிகள் வரிசையாக ஞாபகம் வந்தன.

"ஷாஹீன், கெஸ்ட் பேசும்போது குறுக்க பேசக்கூடாது. உக்காரு" என்றேன்.

அவள் உட்காரவில்லை. தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பந்தலைவிட்டு வெளியே நடந்தாள். அவள் பின்னால் ஒரு வரிசை போனது. அதன் பின்னால் எல்லா வரிசையும் போனது. மைதானத்திலிருந்து கத்தல் கேட்டது. "ஏய், என் நிழல் எங்கடி போச்சு!" "குதிச்சா மட்டும் கீழ தெரியுது பாரேன்!" இருநூறு பிள்ளைகள் வெயிலில் தலைகால் புரியாமல் குதித்துக்கொண்டிருந்தார்கள். பந்தலைப் பிரிக்க வந்த ஏழுமலைகூட ஒரு மூங்கிலை நட்டமாய்ப் பிடித்துக்கொண்டு கூவினார்: "மிஸ்ஸு! மெய்யாலுமே நெழல காணோம்! ஓடியா மிஸ்ஸு!"

போகவில்லை. சால்வைத் தட்டை ஏந்திக்கொண்டு நின்றேன். பந்தலுக்குள் அதிகாரி, தாளாளர், நான், குத்துவிளக்கு. முன்னோர்கள் ஒருவழியாக ஓய்ந்தபோது மணி பன்னிரண்டு நாற்பது. சால்வையைப் போர்த்திவிட்டு ஓடிப்போய் மைதானத்தில் நின்றேன். என் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு சாண் நிழல் விழுந்திருந்தது.

மறுநாள் தாளாளர் கூப்பிட்டார். சீட்டுக் கிழிந்தது என்றே போனேன். மேஜைமேல் நிரந்தரப் பணி உத்தரவு இருந்தது.

"சாருக்கு ரொம்ப திருப்தி. இவ்வளவு சௌகரியமா ஒரு சயின்ஸ் ஃபங்ஷன் பார்த்ததே இல்லன்னு போன் பண்ணினார்" என்றார். "பசங்கதான் வெயில்ல ஓடிட்டாங்க. அடுத்த தடவை அந்தப் பிரச்சினை இருக்காது. மைதானம் பூரா தகரக் கூரை போட்டுடலாம்."

உத்தரவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். "ரொம்ப நல்ல ஐடியா மேடம்" என்றும் சொன்னேன்.

அடுத்த ஜூனில் கூரை வந்தது. நிழலில்லா நாள் அதன் கீழே எங்கள் பள்ளியின் ஆண்டு விழாக்களில் ஒன்றாகிவிட்டது. நிழல் காணாமல் போவதைப் பார்க்க விரும்பும் பிள்ளைகள் வாட்ச்மேனை ஏமாற்றிவிட்டு நடைபாதைக்கு ஓடுகிறார்கள்.

ஒவ்வொரு ஆகஸ்டிலும் அந்த நாள் பன்னிரண்டு பத்துக்குக் கணவர் வங்கியிலிருந்து போன் செய்து, "என்னடி, இந்த வருஷமாவது வெளியில நின்னுண்டிருக்கியா?" என்று கேட்பார். வீட்டுக்கு வருகிறவர்களுக்கு ஸ்பீக்கரில் போட்டுக் காட்டிச் சிரிப்பதற்காகவே என் மகள் ஒரு வருடம் அதைப் பதிவு செய்து வைத்திருக்கிறாள். இந்த வருடம் போன் அடித்தபோது நான் எடுக்கவில்லை. மேடையில் வரவேற்புரை வாசித்துக்கொண்டிருந்தேன்.