அப்பாவின் பதினான்கு பாயிண்ட்

கணினி படித்தவர்கள் எதையும் எளிதில் நம்பமாட்டார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. நான் மென்பொருள் சோதிப்பவள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: ஒரே விஷயம் இரண்டு முறை நடந்தால் நாங்கள் நம்பிவிடுவோம்.

அந்த வருடம் மலேசியாவில் எங்கள் சுங்கை வே வீட்டில் ஒரு மாயாஜால கேம் ஆடிக்கொண்டிருந்தேன். படையில் நான்கு பேர். ஒவ்வொருவருக்கும் பலம், பேச்சு, மந்திரம் என்று பாயிண்ட் பிரித்துக் கொடுத்துப் பழக்க வேண்டும். பெயர் வைக்கச் சொன்னபோது அப்பா, அம்மா, தம்பி கவின், நான் என்றே வைத்தேன். (கற்பனை வறட்சி.) நான்கு பேருக்கும் அட்டவணை போட்டு வண்ணமும் தீட்டினேன்.

ஒரு பேயை எரிக்க அம்மாவுக்கு நெருப்பு மந்திரம் தேவைப்பட்டது. கேமில் ஒரு பாழுங்கிணறு உண்டு. அங்கே ஒருவரின் பாயிண்டை எடுத்து இன்னொருவருக்குக் கொடுக்கலாம். அப்பாவின் பலம் பதினெட்டு. பதினான்கை எடுத்தேன். 'சும்மாதானே நிற்கிறார்' என்று அட்டவணையில் காரணமும் எழுதினேன்.

அந்த வாரமே அப்பா மாடிப்படியில் பாதியில் நின்றுவிட்டார். மூச்சு வாங்கியது. கிளினிக்கில் ஒன்றுமில்லை என்றார்கள். அவரோ பத்துமலை முருகனுக்குப் படியேறிப் பால்குடம் எடுப்பதாக வேண்டியிருந்தார்.

தற்செயல்தான். உறுதி செய்துகொள்ளக் கவினின் பேச்சை என் பெயருக்கு மாற்றிப் பூஜ்யமாக்கினேன். மறுநாள் காலை அவன் வாயைத் திறந்தான், காற்றுதான் வந்தது.

கேமில் கிணற்றுக்கு ஓடினேன். வறண்டிருந்தது. அந்த லெவலை முடித்தால்தான் நீர் ஊறுமாம். பகல் முழுக்க ஆடினேன். ஒவ்வொரு முறையும் முதலில் விழுந்தது அப்பா. அவர் விழும்போதெல்லாம் கூடத்தில் இருமல் கேட்டது.

ஞாயிறு காலை. வாசலில் வேன், அதற்குள் பெரியப்பா குடும்பம். மஞ்சள் வேட்டியில் வந்த அப்பாவை மறித்தேன்.

"ஏறாதீங்கப்பா. உங்க பலத்த நான் எடுத்துட்டேன்."

"இவளுக்கு என்ன ஆச்சு?" என்றார் அம்மா.

அப்பா நிதானமாகக் கேட்டார். "எவ்ளோ எடுத்த?"

"பதினாலு."

"யாருக்குக் குடுத்த?"

"அம்மாவுக்கு. நெருப்பு மந்திரத்துக்கு."

"அதான பாத்தேன்," என்றார் அப்பா. "ஒரு வாரமா அவ கிட்ட போக முடியல."

"அலாமாக், சீக்கிரம் லா! பால் திரிஞ்சிரும்!" என்று வேனிலிருந்து பெரியப்பா கத்தினார்.

அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார். "திருப்பிப் போட்டுட்டு வாம்மா. வெயிட் பண்றேன்."

மஞ்சள் உடுத்திய உறவெல்லாம் முதுகுக்குப் பின்னால் நின்று பார்க்க, நாற்பது நிமிடம் ஆடினேன். குரலில்லாத கவின் கையை ஆட்டி வழி காட்டினான். கடைசியில் பேய் எரிந்தது. அம்மாவின் மந்திரமும் அதோடு தீர்ந்தது. கிணற்றில் நீர் ஊறியது. கவினிடம் எடுத்ததைத் திருப்பினேன். அப்பாவுக்குக் கொடுக்க மட்டும் மிச்சம் எங்கும் இல்லை, ஒரே ஒரு பெயரைத் தவிர. என் பெயர்.

பத்துமலையில் அப்பா இருநூற்று எழுபத்திரண்டு படியையும் நிற்காமல் ஏறினார். நான் நூற்றுப் பதினான்காவது படியில் உட்கார்ந்தேன். கால் எழவில்லை.

"என்ன ஆச்சும்மா, சாப்பிடலையா?" என்று முன்பின் தெரியாத ஒருவர் கேட்டார்.

"பாயிண்ட் இல்ல ஆன்டி."

பின்னால் வந்த கவினுக்கு அப்போதுதான் குரல் திரும்பியது. சிரிப்பதற்காக.

இன்றும் வீட்டில் யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் அவன் என்னைப் பார்த்து, "அக்கா, எடுத்தத வச்சிரு," என்பான். எல்லோரும் சிரிப்போம். அம்மாதான் அதிகம் சிரிப்பார்.

அந்த லேப்டாப் பழசாகி அலமாரியில் கிடக்கிறது. தூக்கிப்போடு என்று இதுவரை ஒருவரும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் அதன் மூடியில் புதுக் குங்குமம் இருக்கும். வைப்பது அம்மா.