கைப்பைக்குள் ஒரு மாத்திரை

மனைவியின் கைப்பையில் கிடைத்த மாத்திரையை மேசைமேல் வைத்து, ஒரு கண்ணில் லென்ஸைச் செருகிக்கொண்டு குனிந்தார் கடிகாரக்காரர். வெள்ளை மாத்திரை. ஒரு பக்கம் 'கே 7' என்று பொறித்திருந்தது. மறுபக்கம் நடுவே ஒரு கோடு.

கைப்பைக்குள் அவருக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். வீட்டுச் சாவி தேடினாராம். சாவியோ அவர் இடுப்பில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி இன்சூரன்ஸ் ஆபீசில் சேர்ந்ததிலிருந்து தினமும் இந்தத் தேடல்தான். இவ்வளவு அழகான பெண்டாட்டி தனக்கு நிலைப்பாளா என்று கல்யாண நாளிலிருந்தே மனுஷனுக்கு ஒரு பயம்.

"ஏம்மா, உனக்கு எங்கயாவது வலிக்குதா?"

"எனக்கென்ன வலி? குத்துக்கல்லாட்டம் இருக்கேன்" என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "நீங்கதான் இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நடக்கறீங்க. டாக்டரைப் பாருங்கன்னா கேட்டாத்தானே?"

"என் இடுப்பை விடு!" என்று சீறிவிட்டு மருந்துக் கடைக்கு நடந்தார்.

கடைக்காரர் மாத்திரையைப் புரட்டிப் பார்த்து, கம்ப்யூட்டரில் தட்டினார். "இடுப்பு வலிக்குக் குடுக்கறது சார். பவர் ஜாஸ்தி. டாக்டர் சீட்டு இல்லாம தரமாட்டோம்."

இடுப்பு வலி! கடிகாரக்காரருக்கு வயிறு பற்றி எரிந்தது. அவள் ஆபீசில் இடுப்புக்கு பெல்ட் கட்டிக்கொண்டு திரிகிறவன் மேனேஜர்தானே? 'பாவம், தங்கமான மனுஷன்' என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! அவன் மாத்திரையை இவள் ஏன் சுமக்க வேண்டும்?

மறுநாள் ஆபீசுக்கே போய்விட்டார். "உங்க சுவர்க் கடிகாரம் மெதுவா ஓடுதாமே, சும்மாவே பார்த்துத் தரேன்" என்று சொல்லி ஸ்டூல்மேல் ஏறினார். மேனேஜர் மேசையை நோட்டம் விட்டபடியே கைவைத்ததில், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த கடிகாரம் நின்றுபோனது. பதறி இறங்கும்போது இடுப்பு சுளீரென்று பிடித்துக்கொண்டது. கடைசியில் அந்த மேனேஜரே வந்து கைத்தாங்கலாக இறக்கிவிட வேண்டியதாயிற்று. மனைவி ஃபைலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"என்கிட்ட மாத்திரை இருக்கு, ஒண்ணு போட்டுக்கறீங்களா?" என்று மேனேஜர் ஓர் அட்டையை நீட்டினார். அத்தனையும் மஞ்சள் உருண்டைகள். எழுத்தும் இல்லை, கோடும் இல்லை.

"அப்ப இது உங்களுது இல்லையா?" வாய்தவறிக் கேட்டு, வெள்ளை மாத்திரையைக் காட்டிவிட்டார்.

"இதுவா? பக்கத்துத் தெரு எலும்பு டாக்டர் எழுதறது. கைராசிக்காரர்னு உங்க வீட்டம்மாதான் எங்ககிட்டயே புகழ்வாங்க. போன வாரம்கூட லஞ்ச் நேரத்துல அங்க போய்ட்டு வந்தாங்க."

போன வாரமா! லஞ்ச் நேரத்திலா! குத்துக்கல்லாட்டம் இருப்பவளுக்கு எலும்பு டாக்டர் எதற்கு?

கிளினிக் வாசலில் டாக்டரின் படம் மாட்டியிருந்தது. சுருட்டை முடி, சிரித்த கன்னத்தில் குழி. கடிகாரக்காரர் தன் வழுக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அழுகை வரும்போல இருந்தது. சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போய், நர்ஸின் மேசைமேல் மாத்திரையைப் பட்டென்று வைத்தார்.

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்ல. உங்க டாக்டர் இதை என் பெண்டாட்டிக்கு எதுக்குக் குடுத்தார்? அது தெரியாம இங்கேருந்து நகரமாட்டேன்!"

நர்ஸ் மாத்திரையைப் பார்த்தாள். வளைந்து நின்ற மனுஷனையும் பார்த்தாள்.

"டாக்டர், அவர் வந்துட்டார்!" என்று உள்ளே குரல் கொடுத்துவிட்டு, சக்கர நாற்காலியை இழுத்து அவர் பின்னால் நிறுத்தினாள்.

"உட்காருங்க சார். கைப்பையில போட்டு வைக்க ஒரு மாத்திரை குடுங்கன்னு உங்க வீட்டம்மாதான் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. வலின்னா இவர் வரமாட்டார், சந்தேகம்னா ஓடி வந்துடுவார்னு சொல்லி, அன்னிக்கே உங்க பேர்ல டோக்கனும் போட்டுட்டாங்க."