பலகையில் ஒரு சொல்

“மாத்தயா, பெட்டி தேக்குல இருக்கா, இல்ல மாமரம் மட்டும்தானா?”

கடை திறந்து பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முதலில் வந்த ஆள் இப்படிக் கேட்டதும் விமலதாசவின் கையிலிருந்த ரோஜாக்கட்டு நழுவியது.

“எந்தப் பெட்டி?”

“மாமாவுக்குத்தான். ஆறடி ஆள்.”

விமலதாச வாசலுக்கு ஓடி வந்து அண்ணாந்து பார்த்தார். பலகையில் ‘மலர்ச்சாலை’ என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

குளியாப்பிட்டியவில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்: பூ வாங்கப் பூக்கடைக்குப் போக வேண்டும். மலர்ச்சாலைக்குப் போவது, செத்தவரைக் குளிப்பாட்டிப் பெட்டியில் வைத்து வாங்கி வர.

தபால் கந்தோரிலிருந்து ஓய்வு பெற்றபின் விமலதாச ஆறு மாதம் யோசித்துத் தொடங்கிய கடை. கொப்பியில் இருபத்தொரு குறிப்பு எழுதி வைத்திருந்தார். வெலிமடை ரோஜா எந்தக் கிழமை வரும், தண்ணீரில் எத்தனை நாள் தாங்கும், பௌர்ணமிப் போயாவுக்கு எத்தனை தாமரை வேண்டும், கல்யாண மண்டபம் எவ்வளவு தூரம் என்று எல்லாம் அதில் இருந்தன. பலகை மட்டும் இல்லை. அதை மனைவி ஞானவதி, “பலகை எழுதுற சிரில்கிட்ட நான் சொல்லிக்கிறேன்” என்று ஏற்றுக்கொண்டிருந்தாள்.

“அந்தாளு மலர்ச்சாலைக்கே எழுதி எழுதிப் பழகினவன். கை தன்னால போயிருக்கும்,” என்றாள் இப்போது.

“மாட்டும்போது பார்க்கக் கூடாதா?”

“நல்ல நேரம் ஒன்பது பதினேழு. பலகை வந்தது ஒன்பது பதினாலு. நீங்க கிழக்கே பார்த்து விளக்கேத்திட்டு நின்னீங்க. நேரத்தை விடச் சொல்றீங்களா?”

கடை போட்டிருந்த வீட்டு முன்னறையின் மேல் மைத்துனன் உபசேனவுக்கு ஒரு கண். கொத்து ரொட்டிக் கடை போட வேண்டுமாம். “போயா வரைக்கும் பார்க்கலாம் மச்சான். ஓடலன்னா அறை எனக்கு,” என்று சொல்லி வைத்திருந்தான். ஞானவதி இடுப்பில் தூக்கி வளர்த்த தம்பி. நாற்பது வருடத்தில் ஒருநாளும் அவனிடம் அவள் ‘இல்லை’ என்று சொன்னதில்லை. போயாவுக்கு நான்கே நாள் இருந்தது.

சிரிலைத் தேடினால் ஆள் ஊரிலேயே இல்லை. விமலதாசவே ஏணி போட்டு ஏறி, பலகைக்கு அடியில் ‘திருமணங்களுக்கும் செய்து தரப்படும்’ என்று எழுதினார்.

மறுநாள் ஒரு கல்யாணப் பெண்ணும் அவள் தாயும் வந்தார்கள். தாய் மேலே பார்த்தாள். வாய்விட்டுப் படித்தாள். மகள் கையை இறுக்கிப் பிடித்தாள்.

“ரெண்டையும் ஒரே இடத்துல முடிச்சிடுவாங்களாம். வா, போயிடலாம்.”

“அம்மா, அம்மா! நான் வெறும் பூதான் விக்கிறேன்!”

“எல்லாரும் அப்படித்தான் தொடங்குவாங்க,” என்றாள் அவள் திரும்பிப் பார்க்காமலே.

“சிரில் வர்ற வரைக்கும் மூடி வைங்க,” என்று ஞானவதி ஒரு படுக்கை விரிப்பை மடித்துக் கொடுத்தாள். விமலதாச ஏணியேறி அதைக் கட்டிவிட்டு, வியர்வை போகக் கிணற்றடிக்குக் குளிக்கப் போனார்.

விரிப்பு வெள்ளை. அந்த ஊரில் சாவு வீட்டு வாசலில்தான் வெள்ளை கட்டுவார்கள்.

அரை மணி நேரத்தில் தெருவே வெள்ளையுடுத்தி வந்துவிட்டது. பக்கத்து வீட்டு எமலின் அக்கா ஒரு கிலோ சீனியும் பிஸ்கட் பாக்கெட்டுமாக வந்து, ஞானவதியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“நேத்துக்கூட என்கிட்ட கத்தரிக்கா விலை கேட்டாரே!”

இடுப்பில் துண்டோடு விமலதாச உள்ளே வந்தார்.

“என்ன இவ்வளவு கூட்டம்? யாரு போனது?”

எமலின் அக்கா கையிலிருந்த சீனி தரையெல்லாம் சிதறியது. கடைசியில் மூலையிலிருந்த ஒருவர்தான் தைரியமாகச் சொன்னார்:

“மாத்தயா, நீங்கதான்.”

விமலதாச ஓடிப்போய் விரிப்பைப் பிடித்து இழுத்தார். அடியிலிருந்து ‘மலர்ச்சாலை’ பளிச்சென்று வெளியே வந்தது. கூட்டம் பெருமூச்சு விட்டது.

“பாவம், சொந்தத்துலயே முடிச்சுக்கலாம்னு திறந்திருக்கார்.”

அதற்குப் பிறகு ஒரு ஈ காக்கை வரவில்லை. ரோஜாக்கள் இதழ் கொட்டின. தாமரை மொட்டு மட்டும் வாளியில் விறைத்து நின்றது. போயாவுக்கு முதல்நாள் மாலை உபசேன மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினான்.

“எடுத்துக்க மச்சான்,” என்றார் விமலதாச. “நான் தோத்துட்டேன்.”

உபசேன வாசற்படியில் கால் வைக்கவே இல்லை.

“எனக்கு வேணாம் மச்சான்! ஊர் முழுக்க இங்க பிணம் வைக்கிறதாப் பேச்சு. இங்க உட்கார்ந்து நான் டொக்கு டொக்குன்னு கொத்தினா, என்னத்தைக் கொத்துறான்னு நினைப்பாங்க? பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு இடம் பேசி முடிச்சிட்டேன்.”

“அப்படியா தம்பி?” ஞானவதி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “அக்காவுக்கு மனசே ஆறல.”

மோட்டார் சைக்கிள் முக்குத் திரும்பியதும், எதிர்ப்பக்கமிருந்து சிரிலின் சைக்கிள் வந்தது. பின்னால் செய்தித்தாள் சுற்றிய பலகை. ஓரம் கிழிந்த இடத்தில் ‘பூக்கடை’ என்று மஞ்சளாகத் தெரிந்தது.

விமலதாச பாய்ந்தார். “வாய்யா! உன் கை பண்ணின வேலை என்னைப் பிணமாக்கிடுச்சு, தெரியுமா?”

சிரில் அவரைக் கவனிக்கவே இல்லை. அவர் தோளுக்கு மேலாக ஞானவதியை எட்டிப் பார்த்தான்.

“அக்கா, தம்பி அறை வேணாம்னுட்டாரா? அப்ப நீங்க சொன்னபடி இதை மாட்டிடலாமா? போன வாரமே எழுதிக் காயவெச்சது.”