சாமி படத்துக்குப் பின்னால் இருந்த கடிதம்

லிந்துலை,
ஞாயிற்றுக்கிழமை, மழை.

மதிப்புக்குரிய மச்சான் அழகுமுத்து அவர்களுக்கு,

தங்கை புருஷன் செல்லசாமி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. கொழும்பு வெள்ளவத்தையில் தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் சுகமாக இருக்க மாரியம்மன் துணை. இங்கே நானும் மகள் வினோதாவும் சுகம். மூன்று வாரமாக வெயிலைத்தான் காணோம். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பீர்கள். என் நம்பரைப் பார்த்தாலே நீங்கள் எடுப்பதில்லை. கடிதம் என்றால் பிரித்துத்தானே ஆகவேண்டும்.

உங்கள் கோபம் நியாயம்தான். உங்கள் முதலாளியின் காலில் விழாத குறையாகக் கேட்டு, வினோதாவுக்கு நேர்முகப் பரீட்சைக் கடிதம் அனுப்ப வைத்தீர்கள். அவள் போகவில்லை. மருமகளுக்குத் திமிர் என்று சொன்னீர்களாம். மச்சான், திமிர் பிள்ளைக்கு இல்லை, தப்பு எங்கள் விலாசத்தில். இந்தத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் வரிசையாக இருக்கும் எவன் வீட்டுக்கும் இலக்கம் கிடையாது. இருநூற்றுச் சொச்சம் குடும்பத்துக்கும் ஒரே விலாசம், தோட்டத்து ஆபீஸ். கடிதம் வரும் என்று நீங்கள் சொன்ன நாளிலிருந்து தினமும் நான்தான் அங்கே போய் நின்றேன். வினோதா கேட்டபோதெல்லாம் "இன்னும் வரலம்மா" என்றேன். கடைசியில் பார்த்தால், தோட்டத்தின் மேல் டிவிசனில் இன்னொரு செல்லசாமி இருக்கிறான், அவன் கையில் கொடுத்திருக்கிறார்கள்! அந்தப் படுபாவிக்கு ஆங்கிலம் தெரியாது. நீளமான உறையைப் பார்த்ததும், தேர்தலுக்குத் தேர்தல் தருகிறோம் தருகிறோம் என்கிற வீடு கட்ட ஏழு பேர்ச் காணி, அதன் பத்திரம்தான் வந்துவிட்டது என்று நினைத்து, திருநீறு பூசி, சாமி படத்துக்குப் பின்னால் சொருகி, பதினோரு நாள் சூடம் காட்டியிருக்கிறான். பன்னிரண்டாம் நாள் கடிதம் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நேர்முகப் பரீட்சை முடிந்து மூன்று நாள்.

பிள்ளை அழுவாள் என்று பார்த்தால், கடிதத்தை எடுத்துக்கொண்டு கேக் வெட்டக் கிளம்பிவிட்டாள். உங்களுக்கு இந்தக் கூத்து தெரியாது. வினோதா, தனுஷிகா, பூரணி, பேக்கரிக்கார மர்சூக் நானாவின் மகள் பஸ்மிலா, நாலு பேரும் உயர்தரப் பரீட்சை பாஸ் பண்ணிவிட்டு இரண்டு வருசமாக வேலை தேடுகிறார்கள். வேலை கிடைக்கும்வரை காத்திருந்தால் ஒன்றையும் கொண்டாட முடியாது என்று, கிடைத்ததையெல்லாம் கொண்டாடுகிறார்கள். போட்டோ சரியில்லை என்று பூரணியின் விண்ணப்பம் திரும்பி வந்ததற்கு ஒரு கேக். "தொறந்தாச்சும் பாத்திருக்காங்களே" என்றாளாம். தனுஷிகா போனில் தடுமாறாமல் சிங்களம் பேசியதற்கு ஒரு கேக். கேக் என்றால் ஒரே ஒரு துண்டு பட்டர் கேக், அதை நாலாக வெட்டுவது. மெழுகுவர்த்தி எட்டு மாதமாக ஒன்றேதான். பற்றவைத்த உடனே ஊதிவிடுவார்கள், கரையக்கூடாதாம்.

"போகாத இன்டர்வியூவுக்கு என்னாடி கேக்கு?" என்று கத்தினேன்.

"அப்பா, இதுவரைக்கும் வந்ததுல எல்லாம் 'விண்ணப்பதாரி அவர்களுக்கு'ன்னுதான் இருந்துச்சு. இதுலதான் எம் பேரு இருக்கு," என்றாள். "அதுக்குத்தான்."

அன்றைக்குத் துண்டை ஐந்தாக வெட்டி, என் பங்கைக் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்து வைத்தாள். அரை விரல் நீளம்கூட இல்லாத கேக், மச்சான். திரும்பவும் காகிதத்தில் சுற்றி வைத்துவிட்டேன்.

ஆகவே குற்றம் முழுக்க அந்த மேல் டிவிசன்காரனுடையது. பிள்ளை மேல் கோபம் வேண்டாம். முதலாளியிடம் இன்னும் ஒரேயொரு தடவை கேட்டுப் பாருங்கள். அக்காவுக்கு என் அன்பு, சின்னவர்களுக்கு ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
தங்கள் சொல்லுக்குக் காத்திருக்கும்
செல்லசாமி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போனேன், கை வரவில்லை. மேல் டிவிசனில் செல்லசாமி என்று எவனும் கிடையாது. நேர்முகப் பரீட்சைக்கு எட்டு நாள் முன்பே கடிதம் என் கைக்கு வந்துவிட்டது. அந்தச் சாமி படம் எங்கள் வீட்டுப் படம். கொழும்பு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவைத்த உங்கள் தங்கச்சி காளியாயி எப்படிப் பெட்டிக்குள் திரும்பி வந்தாள் என்று உங்களுக்குத் தெரியும். பிள்ளையும் போய்விட்டால் இந்த ஒற்றை அறைக் காம்பராவில் நான் யாரோடு பேசுவேன்? கடிதத்தைக் கொடுத்தபோது உறையில் இருந்த திருநீற்றை வினோதா தடவிப் பார்த்தாள். சாமி படத்தைப் பார்த்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அப்படிப் போய்த்தான் கேக்கை ஐந்தாக வெட்டியிருக்கிறாள். அடுத்த கடிதத்தை மர்சூக் நானா பேக்கரி விலாசத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். என் கையில் கிடைக்க வேண்டாம்.