டிஸ்க்குக்கு ஒரு நல்ல வார்த்தை

"பிழை ஐந்துன்னா என்னய்யா அர்த்தம்?" மேலாளர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

"எழுத முடியலைன்னு அர்த்தம் சார்."

"யாரால? உன்னாலயா?"

"டிஸ்க்கால சார்."

கம்ப்யூட்டர் இயங்குதளத்தில் டிஸ்க்கைக் கட்டி மேய்க்கிற நிரல், பதில் சொன்ன புரோகிராமர் எழுதியது. டிஸ்க் முரண்டு பிடித்தால் லாக் என்கிற பதிவேட்டில் 'பிழை ஐந்து' என்று ஒரு வரி எழுதி வைக்கும். அந்த வரி புரியாமல் வாடிக்கையாளர்கள் ஃபோனில் பிய்த்தெடுத்தார்கள்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள ஃபோன் குறையணும். இல்லைன்னா உன் சீட்டு காலி. புரியற மாதிரி எழுது!"

அவன் உள்ளதை உள்ளபடி எழுதினான்: 'டிஸ்க் சாகப்போகிறது. உடனே நகலெடுக்கவும்.'

மறுநாள் ஃபோன் அலறியது. உதவி மையத்து அக்கா காதைத் தேய்த்துக்கொண்டே வந்தார்.

"தம்பி, ஒருத்தர் அழுறாரு. எத்தனை மணிக்குச் சாகும்னு கேக்குறாரு. நான் என்ன ஜோசியமா பாக்குறேன்?"

மேலாளர் தலையில் அடித்துக்கொண்டார். "வாயில நல்ல வார்த்தையே வராதா உனக்கு? இதமா எழுதுய்யா!"

'டிஸ்க் சற்றுக் களைப்பாக உள்ளது.'

"எத்தனை நாள் லீவு குடுக்கணும்னு கேக்குறாங்க தம்பி. பாதிப் பேரு மெஷினை அணைச்சுட்டு உக்காந்திருக்காங்க."

"களைப்புக்குக் காரணமும் போடேன்!" என்றார் மேலாளர்.

போட்டான். ஒவ்வொரு தடுமாற்றத்துக்கும் ஒரு பத்தி. டிஸ்க்கில் லாக் ஊதிப் பெருத்தது.

"நல்லா இருந்த டிஸ்க்கும் இப்ப ரொம்பி வழியுதாம் தம்பி. புராணமா எழுதறீங்க?"

அவன் மேலாளர் பக்கம் திரும்பினான். "சார், கெட்டுப்போனா கெட்டுப்போச்சுன்னுதானே சொல்லணும்?"

"உண்மையைச் சொல்றதுக்கா உனக்குச் சம்பளம்? நான் சொல்றதைத் தட்டு!"

மேலாளரே திருவாய் மலர்ந்தார். அவன் தட்டினான்: 'சிறு தாமதம். கவலை வேண்டாம்.' சொந்த ஆபீஸ் மெஷின்கள் உட்பட எல்லாவற்றுக்கும் அன்றே அனுப்பிவிட்டார்கள்.

வெள்ளிக்கிழமை. மூச்! ஒரு ஃபோன் இல்லை.

"பாத்தியா? எழுத்துன்னா இது!" மேலாளர் அவன் முதுகில் ஓங்கித் தட்டினார். "பிழைச்சுப் போ. சீட்டு உனக்குத்தான்."

அவன் உதவி மையத்துக்கு ஓடினான். அக்கா நிதானமாக நகம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா! காலையிலேர்ந்து ஒரு மணிகூட அடிக்கலையாமே!"

"எப்படி அடிக்கும் தம்பி? நம்ம ஃபோனை ஓட்டுற மெஷின்ல டிஸ்க்கு நேத்தே செத்துப்போச்சு. கவலை வேண்டாம்னு போட்டிருந்துச்சு, நானும் கவலைப்படல."