முழங்கால் சுகமாகிவிட்டது, இனி மாத்திரை அனுப்பாதே

அன்புத் தங்கை பாப்பாவுக்கு அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அண்ணியும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும், உன் தையல் கடையும், கடையைவிட வயதான உன் மெஷினும் சுகமா என்று கேட்டு இதை எழுதுகிறேன். போனில் பேசினால் நான் ஒன்று சொல்வதற்குள் நீ ஒன்பது கேட்பாய், நான் உளறிக் கொட்டுவேன். அதனால்தான் கடிதம்.

நீ அனுப்பிய பார்சல் வந்தது. வழக்கம்போல மிச்சத் துணியில் சுருக்குப் பை தைத்து, அதற்குள் முழங்கால் வலி மாத்திரை அட்டைகளை அழகாக அடுக்கி அனுப்பியிருக்கிறாய். உன் கடைக்கு எதிரே உள்ள மருந்துக்கடைக்காரர் இத்தனை வருஷமாக நம் குடும்பத்தால்தான் பிழைக்கிறார் என்று நினைக்கிறேன். ஆனால் பாப்பா, இனிமேல் அனுப்பாதே. முழங்கால் வலி சுத்தமாகப் போய்விட்டது. எப்படிப் போனது என்று கேட்காதே, போய்விட்டது, அவ்வளவுதான்.

இன்னொரு சின்ன விஷயம். வேறு யாராவது சொல்லி நீ பதறுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சிறுநீரகம் பாதிதான் வேலை செய்கிறதாம். நான் கேட்டா தெரிந்துகொண்டேன்? நாலைந்து மாதத்துக்கு முன்னால் ஒருநாள் ஒரு கட்டடத்தில் லிஃப்ட் நின்றுவிட்டது என்று என்னைக் கூப்பிட்டார்கள். நாலாவது மாடியில் சிறுநீரக விழிப்புணர்வு முகாம். விழிப்புணர்வு கொடுக்க வந்த டாக்டரம்மாவும் நர்ஸும் ஒரு பெட்டி நிறைய காலி டப்பாக்களும் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் தொங்கிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைத் திறந்து இறக்கிவிட்டேன். நன்றி சொல்வார் என்று பார்த்தால், "உங்களுக்குப் பிரஷர் பாத்து எவ்வளவு நாளாச்சு?" என்கிறார். "எனக்கு ஒண்ணுமில்லம்மா, லிஃப்ட்டுக்குத்தான் கோளாறு" என்றேன். விடவில்லை. கையில் பட்டையைக் கட்டினார், ரத்தம் எடுத்தார், ஒரு டப்பாவை நீட்டினார். சரி, ஆசையாகக் கேட்கிறார்களே என்று மரியாதைக்குக் கொடுத்தேன். அந்த மரியாதைதான் என்னை மாட்டிவிட்டது. பிரஷர் எகிறியிருக்கிறது, மூத்திரத்தில் புரதம் போகிறது என்றார்கள். மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தார்கள், அப்போதும் அதே கதை.

"வலியே இல்லையேம்மா, ஒண்ணுக்கும் ஒழுங்காத்தானே போகுது, அப்புறம் எப்படிக் கெட்டிருக்கும்?" என்று நான் வாதாடினேன். "எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. ரொம்ப முத்துற வரைக்கும் இது வெளியில காட்டிக்காது, டெஸ்ட் எடுத்தாத்தான் தெரியும்" என்றார். நான் ஒத்துக்கொள்வதாக இல்லை. அன்று துணைக்கு வந்து பக்கத்தில் உட்கார்ந்திருந்த உன் அண்ணி, இத்தனை வருஷம் காத்திருந்தவள் மாதிரி ஆரம்பித்துவிட்டாள். "லிஃப்ட்டுல சத்தம் வந்தப்புறம் கூப்பிட்டா நான் என்ன மந்திரவாதியான்னு கட்டடக்காரங்களைத் திட்டுவீங்களே, இப்ப உங்களை யாரு திட்டுறது?" டாக்டரம்மா சிரித்துவிட்டார். நர்ஸும் சிரித்தார். நான் வெளியே போய் நின்றுகொண்டேன்.

அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. மேல்வீட்டு இன்ஷூரன்ஸ்காரரைத் தெரியுமில்லையா, நான்கு பேருக்கு மேல் தெரியாத ரகசியத்தை ஐந்தாவது ஆளாகத் தெரிந்துகொண்டு வந்துவிட்டார். "குடம் குடமாத் தண்ணி குடிங்க சார், உள்ளே கழுவி விட்டுடும்" என்றார். குடித்தேன். மறுநாள் ஒரு லிஃப்ட்டின் மேல்தட்டில் ஏறி, இரண்டு மாடிக்கு நடுவில், கை நிறைய கிரீஸோடு நிற்கும்போது அத்தனை தண்ணீரும் ஒரே நேரத்தில் கணக்குத் தீர்க்க வந்தது. நான் பட்ட பாட்டை எழுதினால் தபால்காரரே சிரிப்பார், விட்டுவிடுகிறேன். டாக்டரம்மாவிடம் சொன்னால், "நான் குடிக்கச் சொன்னேனா? அளவை நான் சொல்றேன், மேல்வீடு சொல்ல வேண்டாம்" என்று ஒரு அதட்டல். அடுத்து அந்த மனிதர் ஏதோ பச்சை இலைச் சாறு கொண்டுவந்தார். உன் அண்ணி வாங்கி, நன்றி சொல்லி, அவர் படியேறும் சத்தம் அடங்கியதும் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டாள். உப்பு டப்பா இப்போது அவள் நகை வைக்கும் பீரோவில் இருக்கிறது, சாவி அவள் இடுப்பில். நான் விடுவேனா? 'இதயத்துக்கு நல்லது' என்று அட்டையில் போட்டிருந்த மாற்று உப்பு ஒன்றை வாங்கி வந்து ஒளித்து வைத்தேன். அதில் இருக்கும் பொட்டாசியம் எனக்கு ஆகாதாம். டாக்டரம்மா பாக்கெட்டைப் பிடுங்கித் தன் மேஜை இழுப்பறையில் போட்டுக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் பம்பரம் பறிகொடுத்த பிறகு எனக்கு இப்படி நடந்ததே இல்லை.

இதெல்லாம் எதனால் வந்தது என்று கேட்பாய். பிரஷரால் வந்தது. பிரஷர் மட்டும்தான். வேறு எதனாலும் இல்லை. டாக்டர் வேறு ஏதோ சொன்னதாக உன் அண்ணி சொன்னால் நம்பாதே, அவளுக்கு இப்போதெல்லாம் காது சரியாகக் கேட்பதில்லை. பிரஷர் மாத்திரை ஒழுங்காகப் போட்டு, உப்பைக் குறைத்து, அப்பப்போ டெஸ்ட் எடுத்தால் இந்தப் பாதியை வைத்தே ரொம்ப வருஷம் ஓட்டலாமாம். ஆகவே நீ டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடிவர வேண்டாம்.

வேறு விசேஷமில்லை. மாப்பிள்ளைக்கு என் அன்பு. உன் கண்ணும் கையும் தளராமல், வாசலில் வாடிக்கையாளர் குறையாமல் நீ நீடூழி வாழ வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு குறையும் இல்லாத
உன் அண்ணன்

பின்குறிப்பு: உறை தேடப் போன நேரத்தில் உன் அண்ணி இதைப் படித்துவிட்டாள். சண்டைக்கு வருவாள் என்று பார்த்தேன். கட்டிலில் உட்கார்ந்து மெதுவாகக் கேட்டாள்: "இவ்வளவு எழுதினீங்களே, அவளை அந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லி ஒரு வரி எழுதினீங்களா?" உறையை வைத்துவிட்டு மறுபடி பேனாவை எடுத்தேன்.

பாப்பா, மேலே எழுதியதில் சிறுநீரகம் கெட்டது உண்மை, மற்றபடி முக்கியமானதெல்லாம் பொய். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது, சுவரைப் பிடித்துத்தான் படியேறுகிறேன். டாக்டரம்மா என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டபோது உன் சுருக்குப் பையைக் காட்டினேன். பிரஷரும் இருந்து, இதையும் வருஷக்கணக்கில் தினம் போட்டால் சிறுநீரகம் எப்படித் தாங்கும் என்றார். யார் வாங்கித் தந்தது என்றார். நானே வாங்கினேன் என்றேன். நீ தெரிந்தா செய்தாய்? அண்ணனுக்கு வலிக்கக் கூடாது என்று செய்தாய். நீ அழுவாயே என்று பயந்து பயந்து, மெஷினில் குனிந்து குனிந்து முதுகு வலிக்கிறது என்று நீயும் காலையும் மாலையும் அதையேதான் விழுங்குகிறாய் என்பதை மறந்துவிட்டேன். உனக்கும் பிரஷர் இருக்கிறதே, பாப்பா.

வலி மாத்திரையை இன்றே நிறுத்து. பிரஷர் மாத்திரையை மட்டும் நிறுத்தாதே. வலிக்கு எது ஆகும் என்று டாக்டர் சொல்வார். அழ வேண்டுமென்றால் அழு, ஆனால் அழுதுகொண்டே போய் ரத்தமும் மூத்திரமும் கொடுத்துவிட்டு வா. கடையை ஒருநாள் பூட்டு. துணி ஒருநாள் தாமதமானால் யாருக்கும் ஒன்றும் ஆகிவிடாது. உனக்கு ஒன்று ஆனால் நான் யாரைப் பாப்பா என்று கூப்பிடுவேன்?